ஐன் தல்ஹாவுக்குப் போகும் வழி

ஹலோ... ஹலோ... ஆமாம்மா, ஆரணிதான்... ஆமா, தரணேந்திர நைனார் அரிசி மண்டி... இருதயசாமி நான்தாம்மா. எதிர்க்க என் பம்புசெட் பட்டறை, நைனார் ஆளு வந்து கூப்ட்டாரு, ஓடியாந்தேன், அதான் மூச்சு வாங்குது... பம்பாய்லருந்து ட்ரங்க் காலா? அப்ப என் மச்சான் அற்புதராஜாத்தான் இருக்கும். குடுங்கம்மா, குடுங்க.

ஹலோ... அற்புதம்?... இல்லியா?... யாரு பேசறது?... சத்தமாப் பேசுங்க, இங்க மூட்ட எறக்கிகினு கீறாங்க, ஒண்ணும் காதுல உழல... யாரு?...

ஓ. மணவாளண்ணாவா.

திடீர்னு உங்க கொரலக் கேட்டதும்... ஒண்ணுமில்ல. சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?... ஆமா, ஆமா, நான் ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆயிடுச்சு. இருங்க, ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கறேன்.

(வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு) நைனாரே, அவன்தான். மணவாளன். என்னத் துபாய்க்கு அனுப்பன ஏஜெண்டு... ஆமா, அவனேதான். என் பொண்டாட்டி ரோஸி சாகக் கெடந்தப்போ ஃபாதர் உங்க மண்டிக்கு வந்து, இந்த போன்லதானே அவனுக்குப் பேசனாரு? 'உடனே இருதயசாமிகிட்ட சொல்லி அனுப்பி வெக்கறேன் ஃபாதர்'னு அவன் சொன்னத நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்களே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் கெளம்பி வந்துட்டா வேற ஆளு அனுப்பணும்னு அப்டியே அமுக்கிட்டான்... போன் மேலருந்து கைய எடுங்க நைனாரே, நான் வெக்க மாட்டேன். எனக்கு விசயம் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. அதான் தைரியமாக் கூப்ட்டுகினு கீறான்.

ஆங், சொல்லுங்கண்ணா... அத்தையா? சகாயம்மா அத்த நல்லாக் கீறாங்க. பொண்ணு போன ஏக்கம்தான். காலைல பூசைக்குப் போவாங்க, வந்து எனக்குச் சோறு கட்டிக் குடுப்பாங்க... ஆமா, நான் மாமியார் வூட்லயேதான் கீறேன். ரோஸி போனதும் அவங்களுக்கு நான், எனக்கு அவங்க. பையன் அற்புதமும் பம்பாய்ல எங்கியோ லேத்துப் பட்டறைக்குப் போயிட்டான்... ஏன் சிரிக்கறீங்க?... சரி, சரி.

...அய்ய, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க. ட்ரங்க் கால்ல ஒரே இரைச்சல், ஃபாதர் இன்னா சொன்னாருன்னே புரியலன்னு அப்பவே சொன்னீங்களே... ஆமா... ஆமா... நான் நம்பனேன். உங்கள நம்பாம யார நம்பறது... மஞ்சக் காமாலை. தலையெழுத்து. பொதச்சு நாலு மாசம் கழிச்சு, டேங்கர் லாரி ஓட்டிகினு வந்த போளூர்க்காரன் ஒருத்தன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுவும் தலையெழுத்து... ஆமாண்ணா, மறந்துடணும்தான். மறந்துட்டேன். வுடுங்க. இன்னா விசயமாக் கூப்ட்டீங்க?

எங்க?... ஐன் தல்ஹாவுக்கா?

...இல்ல, அந்தப் பேர உங்க வாயால கேக்கறேன் பாருங்க, அதான் ஒரு மாதிரி இருக்குது. பேரு ஞாபகம் வெச்சிருக்கீங்களே... ஆமா, நான் மூணு வருசம் பம்பு ஓட்டன எடம்தான். சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் மணலு, நடுவுல ஒரு ஊத்து, ஊத்தச் சுத்திப் பேரீச்சந் தோப்பு... ஷேக்கு தோப்பப் பெருசு பண்ணப் போறாரா?... நாப்பது ஆளா?... ஓ, உங்க மூலமா. ஆரணி ஆளுங்கதான் வேணும்னு கேட்டாரா?... என் பேரச் சொன்னாரா?... நெசமாவா?... நல்ல மனுசன்ணா அவரு. வயசாயிடுச்சு. இன்னும் என் பேர வெச்சிருக்காரு.

நானா? நான் வரமாட்டேண்ணா... அதெல்லாம் இல்ல. எனக்கு அரபி வரும், சரி. அவருக்கு என்மேல பிரியம், அதுவும் சரி. அந்த மணல்ல இனிமே கால் வெக்கறது இல்லன்னு நெனச்சுதான் ஊரு வந்து சேந்தேன்... கோவமா? உங்க மேலயா? கோவம் இருந்தா இப்டிப் பேசுவனா?... நீங்க போயிட்டு வாங்க. வழி வேணுமா, வழி சொல்றேன். அங்க எப்டி உக்காரணும், எப்டிப் பேசணும், எப்டி நடந்துகினா கிழவரு கையெழுத்துப் போடுவாரு, எல்லாம் சொல்றேன். உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்.

எப்ப போறதா உத்தேசம்?... ஆடிலயா. அருமையான நேரம்... வெயிலா? சே, சே, யாரு சொன்னது. ஆடி ஆவணிதான் அங்க பழம் பழுக்கற நேரம். மரத்தடில உக்காந்துகினு பறிச்சுப் பறிச்சுத் துன்னலாம்... காத்தா? காத்தும் வீசும். சிலுசிலுன்னு.

(பொத்திக்கொண்டு) பழம் பழுக்கறது நெசம் நைனாரே. அந்த அடுப்புச் சூட்லதான் அது பழுக்குது. நான் இன்னா பொய்யா சொன்னேன்?

ஆங், வழி. துபாய்ல எறங்கி நாலு சக்கரமும் இழுக்கற ஜீப்பாப் பாத்துப் பேசிக்கணும். சாதா காரு வேணாம். தாரு ரோடு ஒரு எடத்துல முடிஞ்சு போவும், அங்க ஒரு பெட்ரோல் பங்க் இருக்குது. அங்க எறங்கி நாலு டயர்லயும் காத்தப் பாதிக்கு எறக்கிடணும்... ஏத்தறது இல்லண்ணா, எறக்கறது. காத்து கம்மியா இருந்தாத்தான் டயரு மணல் மேல பரவி ஓடும். இல்லன்னா அச்சு வரைக்கும் பொதைஞ்சுக்கும்... அப்புறம் ரோடே கெடையாது. முன்ன போன வண்டியோட தடம்தான் ரோடு. காத்தடிச்சா அதுவும் மூடிக்கும்.

...பேஜார்தான். நான் போவலியா? எண்ணெக் கம்பெனி, ஏசி ரூமு, ஷிப்டு வேலன்னு சொல்லித்தானே என்ன ஏத்தி வுட்டீங்க. நான் அந்த பெட்ரோல் பங்க்ல எறங்கி, கம்பெனி எங்கன்னு டிரைவரக் கேட்டேன். அவன் மணலப் பாத்துக் கை காட்டினான்... சிரிங்க, சிரிங்க. இப்ப எனக்கும் சிரிப்பாத்தான் இருக்குது.

துணி... கருப்பு சஃபாரி சூட்டா? டெரிலீன்லயா தைச்சிருக்குது? ஷோக்கா இருக்குமே. அதையே போட்டுகினு போங்க... பருத்தி வேணாம், பருத்தி போட்டுகினு போனா கூலியாளுன்னு நெனச்சுக்குவாங்க. உள்ள பனியனும் போடுங்க. ஷூ, சாக்ஸ், கூலிங் கிளாஸு. பெரிய மனுசன் வர மாதிரி இருக்கணும் இல்ல?

...தண்ணி. நல்லாக் கேட்டீங்க. தண்ணில மட்டும் வெளையாடக் கூடாதுண்ணா. ஜீப்புல பெரிய ட்ரம்மு ரெண்டு கட்டிக்கணும். வண்டி நடுவுல நின்னு போச்சுன்னா வண்டிய வுட்டுட்டு நடந்துடாதீங்க. எந்தக் காரணத்துக்கும் நடக்காதீங்க. வண்டி நெழல்லயே கெடங்க, தேடிகினு வருவாங்க. நடந்தவன் எவனும் வந்து சேந்தது இல்ல... ஆமா, இது ரொம்ப முக்கியம்.

(பொத்திக்கொண்டு) அப்டிப் பாக்காதீங்க நைனாரே. அவன் உசுரு எனக்கு எதுக்கு? செத்துட்டா அவனுக்கு ஒரு நாளு. எனக்கு அவன் மானம் வேணும். இருங்க, இனிமேத்தான் இருக்குது.

ஆமாண்ணா, கேட்டுகினுதான் இருக்கேன். ஊருக்குள்ள போனதும் வாய்க்காலு ஒண்ணு ஓடும். மேல் முனையில குடிக்கற தண்ணி, நடுவுல குளிக்கறது, அப்பால தோப்புக்கு. தெரியாம மேல் முனையில காலக் கீல வெச்சுடாதீங்க, வெட்டிப் போட்டுடுவாங்க... நெசமா வெட்ட மாட்டாங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டாங்க.

வூட்டுக்குள்ள உக்கார வெச்சு காப்பி குடுப்பாங்க. நம்ம காப்பி இல்ல. பாலு, சக்கரை ஒண்ணும் கெடையாது, கசாயம் மாதிரி ஏலக்கா வாசனையா இருக்கும். பொம்மக் கப்பு மாதிரி சின்னக் கப்பு. வலது கையில வாங்கிக்கணும்... குடிச்சா திரும்ப ஊத்துவாங்க. ஊத்த ஊத்தக் குடிக்கணும். வேணாம்னு சொல்லவே கூடாது... எத்தினி கப்பா? அவங்க நிறுத்தற வரைக்கும். சக்கர வியாதியா? உங்களுக்கா? எப்பலருந்து?... அதான் சக்கரையே போட மாட்டாங்கன்னு சொன்னேனே. குடிங்க.

(பொத்திக்கொண்டு) போதும்னா கப்ப லேசா ஆட்டிக் காட்டணும், ஊத்தறத நிறுத்திடுவாங்க. அத நான் சொல்லல. குடிக்கட்டும். குடிச்சுட்டு ரா முழுக்கக் கண்ணு முழிச்சுக் கெடக்கட்டும்.

அண்ணா, இப்பச் சொல்லப் போறதுதான் எல்லாத்தவிட முக்கியம். கிழவருக்கு ஒரு மரியாத பண்ணணும். நம்ம ஊரு மரியாத. ஆரணிப் பட்டு, சுத்தமான பட்டு, கைத்தறில நெய்ஞ்சது. நல்ல அகலமா சரிகைக் கரை வெச்ச அங்கவஸ்திரம். சாயங்காலம் தொழுகை முடிஞ்சு எல்லாரும் வந்து சபையா உக்காருவாங்க, பெரியவங்க, தம்பிமாருங்க, பக்கத்து ஊரு ஆளுங்க, அத்தினி பேர் முன்னாலயும் எழுந்து போயி அவரு தோள்ல போத்தணும். நம்ம கூட்டத்துல தலைவருங்களுக்குப் பொன்னாட போத்துவோமே, அதே மாதிரி... தனியாக் குடுக்கக் கூடாது. எல்லாரும் பாக்கணும். போத்திட்டு ரெண்டு கையும் எட்துக் கும்புட்டுட்டு வந்து உக்காருங்க. அவ்ளோதான், அப்புறம் பாருங்க நடக்கறத.

...ஒவ்வொண்ணா எழுதி வெச்சுக்கப் போறீங்களா? நல்லது. பேனா தேடி எட்துகினு வாங்க, அவசரம் இல்ல. நான் லைன்லயே இருக்கேன்.

(பொத்திக்கொண்டு) போயிட்டான். சொல்றேன், கேளுங்க நைனாரே. புழுவக் கொன்னு எடுக்கறதுன்னு ஜைனருங்க நீங்க பட்டு உடுத்த மாட்டீங்க இல்ல? உங்க வூட்டுக் கல்யாணத்துல, உங்க ஜனம் பூரா உக்காந்துகினு இருக்கும்போது, ஒருத்தன் வந்து உங்க தோள்ல பட்டு போத்துனா எப்டி இருக்கும்? அவங்க மார்க்கத்துல ஆம்பள பட்டு உடுத்தக் கூடாது, தங்கமும் கூடாது. எனக்கு அது எப்டித் தெரியும்? ஆரணில பொறந்தவன், பெரியவங்கன்னா பட்டு போத்தறதுதான் மரியாதன்னு வளந்தவன். போன மொத வாரமே, அத்த வாங்கிக் குடுத்த பட்ட எட்துகினு போயி சபையில அவரு தோள்ல போத்திட்டேன். எல்லாரும் கல்லா உக்காந்துட்டாங்க. நான் அவரப் பொம்பள மாதிரி ஆக்கிக் கேலி பண்றேன்னு நெனச்சுட்டாங்க. அடிக்கல, திட்டல. அவரு எழுந்து போயிட்டாரு. மறுநாளு என்னக் கடேசி பம்புக்கு மாத்திட்டாங்க. சுத்தி மணலு, நான், அந்த இன்ஜின். சோறு கொண்டாரவன் கூட வெச்சுட்டுப் போயிடுவான், பேச மாட்டான்... ஆமா. அரபி கொஞ்சம் கொஞ்சமாக் கத்துகினு, நானே போயி, எங்க ஊர்ல இதாங்க மரியாத, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொன்னேன். கிழவரு என் கையப் புடிச்சுக்கினாரு. உங்க ஊர்லருந்து எவன் வந்தாலும் இத மொதல்ல சொல்லி அனுப்புன்னாரு. அதத்தான் நைனாரே இவனுக்குச் சொல்லல. தெரியாமப் பண்ணவனுக்கு மன்னிப்பு உண்டு. சொல்லி வெச்சப்புறம் அதே ஊர்க்காரன் திரும்பப் போத்துனா, வேணும்னே பண்ணதுதான்னு ஆயிடும். காண்ட்ராக்டும் போச்சு, அந்தப் பக்கம் பூராவும் இவன் பேரும் போச்சு... பாவமா? என் பொண்டாட்டி பேரு சொல்லிக் கூப்ட்டுகினே செத்தாளாமே, நீங்கதானே வந்து சொன்னீங்க, அது பாவம் இல்லியா?... இருங்க, வந்துட்டான்.

ஹலோ... யாரும்மா, ஆபரேட்டரா? டைம் ஆயிடுச்சா?... அவரையே கேளுங்கம்மா, அவருதான் போட்டாரு... நீட்டிக்கச் சொல்றாரு இல்ல, குடுங்கம்மா.

ஆங், அண்ணா. எழுதிக்கினீங்களா?... சொல்லுங்க, சரியான்னு பாக்கறேன்... ஆமா, ஆடி... ஆமா, டயரு காத்து... கருப்பு சஃபாரி, ஆமா... பட்டு, சபையில, எல்லார் முன்னாலயும். ஆமா, ஆமா. சரியாச் சொன்னீங்க.

...இருங்க. இதெல்லாம் அங்க யாருக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிகினு இருக்கீங்க? பக்கத்துல யாரு?... போறவனுக்கா? நீங்கதானே போறது?... நீங்க போவலியா?... சக்கர வியாதி, டாக்டரு பாலவனம் வேணான்ட்டாரு, சரி. அப்ப யாரு போறது?...

யாரு?

...திரும்பச் சொல்லுங்க. லைன் சரியில்ல.

அற்புதமா. எங்க அற்புதமா.

...எதுக்கு சிரிப்பு? எனக்கு சிரிப்பு வரலண்ணா... எப்பலருந்து அவன் உங்ககிட்ட கீறான்?... நாலு மாசமா? லேத்துப் பட்டறன்னு அம்மாவுக்குக் கார்டு போட்டுகினு இருந்தானே... ஆச்சரியமா இருக்கட்டும்னு நீங்கதான் சொல்ல வேணாம்னீங்களா... முன்னாடி போயி ஷேக்கப் பாத்துக் கையெழுத்து வாங்கிட்டு, அங்கயே மேஸ்திரியாத் தங்கறானா. எத்தினி வருசத்துக்கு?... அவன்கிட்டக் குடுங்க. குடுங்கண்ணா, ஒரு நிமிசம்.

டேய் அற்புதம்... ஆமாண்டா, மாமாதான்... நல்லாக் கீறேன். நீ இன்னாடா பண்ணி வெச்சிருக்க?... எப்ப கெளம்பற?... சனிக்கெழமயா... அந்தக் கருப்பு சஃபாரி உனக்குத்தான் தைச்சாரா... அந்தப் பட்டு? எங்க வாங்கப் போற?... யாருக்கோ போத்தன்னு அவரு ஆரணிலருந்தே வர வெச்சது கைல கீதா. ஜரிகை எத்தினி வெரல் அகலம்?... அவ்ளோ அகலமா.

கேளு. அந்தப் பட்ட எட்துகினு போவாத. போத்தாத... நான்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. இப்ப வேணாங்கறேன்... ஞாபகப் பிசகுடா. அங்க ஆம்பளைங்க பட்டு உடுத்த மாட்டாங்க, கோவம் வந்துடும்... ஏன் மாத்திப் பேசறேனா? எனக்கு இன்னாடா பொறாம, நீ மேஸ்திரி ஆவறதுல எனக்கு... இது யாரு சொல்லிக் குடுத்தது, அவரா?... உனக்கு நான் கெட்டது நெனப்பனாடா? உங்க அக்காவக் கட்னவன்.

பாஸ்போர்ட் உன் கைல இருக்குதா?... அவர்கிட்டயா. பத்திரமா இருக்கும்னு சொன்னாரா. ஆமா, என்னுதும் பத்திரமாத்தான் இருந்துச்சு... அம்மாகிட்ட எப்பச் சொல்லப் போற?... போயிச் சேந்தப்புறம் சொல்றியா. டேய், உங்க அக்கா...

...ஒண்ணுமில்ல. அவரு பக்கத்துலயே நிக்கறாரா?... சரி. அவர்கிட்டக் குடு.

(பொத்திக்கொண்டு) சொல்ல முடியல நைனாரே. அக்காவக் கொன்னவன் பக்கத்துலதாண்டா நிக்கறன்னு எப்டிச் சொல்றது? இப்பச் சொன்னா அங்கயே அவன் சட்டையப் புடிச்சுடுவான், ரத்தம் அப்டி. பாஸ்போர்ட் அவன் கைல, ஊரு பம்பாய், தனியாள்... அந்தக் கடேசி பம்பு நைனாரே. நான் குழி வெட்டி வெச்சேன், அதுல நம்ம வூட்டுப் பையன் போயி நிக்கறான். அத்தைக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். இவனும் அங்க போயி, இங்க அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்பவும் சேதி இந்தப் பாவி வழியாத்தானே போவணும்... இருங்க. நான் பேசறேன். ஜல்தியாப் பேசணும்.

அண்ணா... ஆமாண்ணா, சின்னப் பையன், துள்ளறான். நான் ஒண்ணு யோசன பண்ணேன். தப்பா எட்துக்காதீங்க. அவன அனுப்பனா வேலைக்கு ஆவாது... அரபி ஒரு வார்த்த வராது அவனுக்கு. கிழவரு கேக்கறது இவனுக்குப் புரியாது, இவன் சொல்றது அவருக்குப் புரியாது. பட்டெல்லாம் போத்த வேணாம், அத வுட்டுடுங்க. அப்பச் சொன்னது வேற ஒரு ஷேக்கு பழக்கம், ரெண்டையும் கொழப்பிக்கினேன்... நான்தான் சொன்னேன், நான்தான் மாத்தறேன். நாப்பது ஆளு காண்ட்ராக்டு, அதுல ஒரு சின்னத் தப்பு வந்துடக் கூடாது இல்ல?

அதுக்கு ஒரே வழிதான். நான் வரேன்.

...ஆமா. வரமாட்டேன்னுதான் சொன்னேன். இப்ப வரேன்னு சொல்றேன்... பையனுக்காகத்தான், ஒத்துக்கறேன். அவங்க அம்மா தனியா இருக்காங்க, அத உங்ககிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. அவன வுட்டுடுங்க, நான் வந்து உங்க காண்ட்ராக்ட முடிச்சுக் குடுக்கறேன்... கிழவரு என் பேரத்தானே கேட்டாரு? நானே போயி நின்னா இன்னா சொல்லுவாரு? யோசிங்க... யோசிங்க, பரவால்ல, ட்ரங்க் கால்தானே.

...சந்தோசமா? சந்தோசம்தான் எனக்கும். ஆனா ரெண்டு விசயம். அற்புதம் பாஸ்போர்ட்ட அவன் கைல குடுத்து, இன்னிக்கே மெட்ராஸ் ரயில்ல ஏத்தி வுட்டுடணும். அவன் ஆரணில வந்து எறங்கி அவங்க அம்மா முன்னால நிக்கணும், அன்னிக்கே நான் பம்பாய்க்கு வண்டி ஏறறேன்... ஏன் சந்தேகப்படறீங்க? சத்தியமா வரேன். எங்க ரோஸி மேல சத்தியம். போதுமா?

ரெண்டாவது, நீங்க நேர்ல வரணும்... இல்ல, இல்ல, அது முடியாது. இது நான் சொல்றது இல்ல, அங்கத்திய வழக்கம். நாப்பது குடும்பத்து ஆளுங்கள வெச்சு பேரம் பேசறவன் மூஞ்சியப் பாக்காம அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. ஆள அனுப்பனா அவமானம்னு நெனப்பாங்க. நான் மூணு வருசம் கண்ணால பாத்தவன்... சக்கர வியாதிக்கு ஊசி மருந்த ஐஸ்ல வெச்சு எட்துகினு வாங்க, நான் பாத்துக்கறேன். சஃபாரி சூட்டு வேணாண்ணா, தொளதொளன்னு பருத்திச் சட்ட போட்டுகினு வாங்க. தலையில ஒரு துண்ட நனைச்சுக் கட்டிக்கலாம். பொழுது விடியறதுக்கு முன்னால அந்த பெட்ரோல் பங்கத் தாண்டிட்டா வெயிலுக்கு முன்ன போயிச் சேந்துடலாம். காப்பி ரெண்டு கப்புக்கு மேல வேணாம்னா கப்ப இப்டி லேசா ஆட்டுங்க, நிறுத்திடுவாங்க... ஆமா, முன்ன சொன்னது தப்பு. நீங்க ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாம முழுசா வந்து உக்காரணும், அதான் எனக்கு வேணும்.

...வரீங்களா? சத்தியமா?... மொதலாளின்னா நீங்கதான் மொதலாளி. பையன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க... சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்.

(பொத்திக்கொண்டு) பையன் வந்துடுவான் நைனாரே. வந்ததும் நீங்க உங்க வாயால அவனுக்கு எல்லாத்தையும் சொல்லுங்க. நீங்க கேட்டவரு, நீங்க சொன்னா நம்புவான்... நான் போயித்தான் ஆவணும். பட்டு, காப்பி எல்லாம் சின்னப்புள்ள வேல, போவட்டும். அதவிட நல்லதா ஒண்ணு கெடச்சிருக்குது. ரோஸி செத்த சேதி எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கு, கிழவரு தோப்புலருந்து நடந்து வந்து கடேசி பம்புல என் பக்கத்துல தரையில உக்காந்துகினாரு. சாவுச் சேதிய ஒருத்தன்கிட்டருந்து மறைக்கறவன் மனுசனா, அவன் யாருன்னு கேட்டாரு. எனக்கு அப்பத் தெரியாது. அப்புறம் லைன் சரியில்லன்னு இவன் சொன்னதையும் நம்பிகினு இருந்தேன். ஊருக்கு வந்து நீங்க சொல்லித்தானே தெரிஞ்சுது. இப்ப அவரு கேட்டதுக்கு பதில் சொல்லப் போறேன், ஆளையும் கூட்டிகினு போயி, சபையில உக்கார வெச்சு... மன்னிக்கறதா? நீங்கல்லாம் வருசத்துக்கு ஒரு நாளு ஒருத்தருக்கொருத்தரு மன்னிப்பு கேட்டுக்கறீங்க, நல்ல வழக்கம். இவன் ஒரு தடவ என்கிட்ட கேட்டானா? போன்லயாவது கேட்டானா?... அழல நைனாரே, தூசி. உங்க மண்டித் தூசி.

ஹலோ... ஆங், இருக்கேண்ணா... பையன் ரயில் ஏறிடுவானா? ரொம்ப சந்தோசம்... கிழவருக்குப் பரிசா? ஒண்ணும் வேணாம், வெறுங்கையோட வாங்க... அரபி தெரியலன்னா இன்னாண்ணா, நான் எதுக்குக் கூட வரேன்? நீங்க என் பக்கத்துல உக்காந்துகினு இருங்க. பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன்.

சரிண்ணா. வெக்கறேன்.